ஃபார்மட் அடிப்பதற்கு முன்னால்

காரைக்குடிப் பக்கம் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். மெதுவாக ஓடுகிறதா, ஃபார்மட், அதாவது இருப்பதை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது. தானாக அணைகிறதா, ஃபார்மட். பிரிண்டர் எடுக்கவில்லையா, அதற்கும் ஃபார்மட். கேபிளைக் கழற்றி மாட்டிப் பார்த்தீர்களா என்று கேட்பதற்குள் பெட்டி ஆட்டோவில் ஏறிவிடும். எனக்கு இந்த வைத்தியத்தின் மேல் ரொம்ப நாளாகவே ஒரு கோபம் உண்டு. நான் சர்வீஸ் கடைக்காரன் இல்லை, ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்தக்காரர், தெரிந்தவர் வீடுகளுக்குப் போய் என்ன ஏதென்று பார்ப்பேன். அப்படிப் பார்த்ததில் திரும்பத் திரும்ப உறுத்திய ஒன்று, கோளாறு பெரும்பாலும் அந்தப் பெட்டிக்கு வெளியே இருக்கிறது என்பது. சுவரில், வயரில், இன்வெர்ட்டரில், மோட்டாரில். கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி வீட்டு விவகாரத்துக்குப் பிறகு இதை எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றிவிட்டது.

ஆச்சியிடம் இருப்பது ஒரு அசெம்பிள் செய்த டெஸ்க்டாப். 4 ஜிபி ராம், விண்டோஸ் 10, பழைய ஹார்டு டிஸ்க். அதில் அவர் பார்ப்பது பூர்வீக வீட்டின் பொதுக் கணக்கு. பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். ஈ.பி பில், காவலுக்கு இருப்பவர் சம்பளம், ஓடு மாற்றிய கூலி, முன்னோருக்குப் படைக்கும் படைப்புச் செலவு எல்லாம் எழுதி, புள்ளிக்கு, அதாவது ஒரு குடும்பத்துக்கு, இவ்வளவு என்று பிரித்து மெயில் போடுவார். அவர் வீட்டுக்காரர் இருந்தவரை பேரேடும் ஐந்தொகையும் கையெழுத்தில்தான். ஆச்சி அதை எக்செலுக்குக் கொண்டுவந்துவிட்டார். இந்த வயதில் ஃபார்முலா போட்டுக் கூட்டுகிறவர், கம்ப்யூட்டர் சொதப்பினால் மட்டும் கடைக்காரப் பையன் சொல்வதை அப்படியே நம்பிவிடுவார்.

சொதப்பல் இதுதான்: 'எழுதிக்கிட்டே இருக்கேன் தம்பி, படக்குன்னு அணைஞ்சு அதுவா மறுபடி வருது.' கடைக்கு எடுத்துப் போனார்கள். வைரஸ் என்றார்கள், ஃபார்மட் அடித்தார்கள், கடையில் நாள் முழுக்க ஓடியது. வீட்டுக்கு வந்து மாட்டியதும் மறுபடி அதே கதை. மறுபடி கடை, மறுபடி ஃபார்மட். கூடவே ராமை மாற்றினால் சரியாகும் என்று ஒரு யோசனை வேறு.

கடையில் ஓடும், வீட்டில் ஓடாது

எனக்கு இந்த ஒரு வரி போதும். ஒரு மெஷின் ஓர் இடத்தில் ஒழுங்காக ஓடி இன்னோர் இடத்தில் தகராறு செய்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது மெஷினை இல்லை, இடத்தை. இரண்டு இடத்துக்கும் என்ன வித்தியாசம்? கரண்ட் வேறு, பிளக் பாயிண்ட் வேறு, நெட் வேறு, பின்னால் செருகியிருக்கும் பிரிண்டரும் கீபோர்டும் வேறு. பெட்டியும் அதற்குள் இருக்கும் விண்டோஸும்தான் இரண்டு இடத்திலும் ஒன்று. அந்த விண்டோஸைத்தான் அழித்து அழித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓடு உடைந்து ஒழுகும் வீட்டில் சுவருக்கு வெள்ளையடிக்கிற கதைதான்.

ஃபார்மட் என்பது விண்டோஸில் கெட்டுப்போன பகுதியைச் சரி செய்யும். ஏதோ கண்ட புரோகிராம் போட்டுக் குழம்பியிருந்தால், அப்டேட் பாதியில் நின்று பூட் ஆகாமல் போயிருந்தால், நிஜமாகவே வைரஸ் புகுந்திருந்தால் அதுவே சரியான வழி, மறுக்கவில்லை. ஆனால் லோ வோல்டேஜையும் தளர்ந்த கேபிளையும் தூசி அடைத்து நின்றுபோன ஃபேனையும் சாகப்போகிற ஹார்டு டிஸ்க்கையும் அது ஒன்றும் செய்யாது. அதைவிட மோசம், தடயத்தை அழித்துவிடும். எப்போது, எதனால் அணைந்தது என்று விண்டோஸ் தானே ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறது. ஃபார்மட் அடித்தால் முதலில் போவது அந்தக் குறிப்பு.

இன்னொன்று, 'டி டிரைவ்ல இருக்கிற எதுவும் போகாது' என்று கடையில் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் நம் வீட்டுக்காரர்கள் யார் டி டிரைவில் வைக்கிறார்கள்? எல்லாம் டெஸ்க்டாப்பில் கண்ணெதிரே இருக்கும், இல்லையென்றால் டாக்குமெண்ட்ஸில் இருக்கும். இரண்டும் சாதாரணமாக இருப்பது சி டிரைவில். ஆச்சி வீட்டிலும் அப்படித்தான் ஒரு மாதக் கணக்கு போனது. சிங்கப்பூர்ப் பங்காளியின் மெயிலில் போன மாதத்துப் பிரதி இருந்ததால் தப்பித்தார்.

தப்பித்தாரா என்றால், அந்தப் பிரதியைத் திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்தது. ஃபைலே கெட்டுப்போய்விட்டது என்று ஆச்சிக்கு ஒரே கவலை. ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பழைய கணக்கெல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தது. அந்த வகை எழுத்துருக்களில் உள்ளே பதிவாவது ஆங்கில எழுத்தின் எண்தான், மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கும். ஃபார்மட்டில் எழுத்துரு போனதும் போர்வை விலகிவிட்டது, அவ்வளவே. பாமினியை மறுபடி நிறுவியதும் கணக்கு வந்துவிட்டது. அப்புறம் ஒரு மாற்றியில் போட்டு எல்லாவற்றையும் யூனிகோடுக்குக் கொண்டுவந்தேன். இனி எந்த மெஷினில் திறந்தாலும், போனில் திறந்தாலும் தமிழாகவே தெரியும். புதிதாக அடிப்பதற்கு விண்டோஸ் 10 அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை அதிலேயே கிடைக்கிறது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வந்த தளக்கோலம் அது. தனி மென்பொருள் தேட வேண்டாம். பழைய தட்டச்சு முறையில் கை பழகியவர்களுக்கு முதலில் எரிச்சல் வரும், ஆச்சி இன்னும் திட்டிக்கொண்டுதான் அடிக்கிறார். ஃபார்மட்டைத் தவிர்க்கவே முடியாது என்றால், படங்களையும் ஃபைல்களையும் எடுப்பதோடு ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் பழைய தமிழ் எழுத்துருக்களையும் ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் போய்விடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆச்சி கண்டுபிடித்தது

சரி, அணைகிற விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்தால் ஈவன்ட் வியூவர் என்று ஒன்று இருக்கும். அதில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். பார்த்தால் சிவப்பும் மஞ்சளுமாகப் பயமுறுத்தும். நன்றாக ஓடும் மெஷினிலும் அப்படித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். (டெக்னிக்கல் சப்போர்ட் என்று போனில் கூப்பிட்டு ஏமாற்றுகிறவர்கள் இந்தச் சிவப்பைக் காட்டித்தான் பணம் கேட்பார்கள்.) நான் தேடியது கெர்னல்-பவர் என்ற பெயரில் வரும் 41 என்ற எண்ணை. ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் மெஷின் திடீரென்று நின்று மறுபடி எழுந்தால் விண்டோஸ் இதை எழுதும். அதன் விவரப் பகுதியில் பக்செக் கோட் என்று ஒன்று இருக்கும். அதில் ஏதாவது எண் இருந்தால் நீலத்திரை வந்து விழுந்திருக்கிறது, டிரைவரையோ ராமையோ பார்க்க வேண்டும். பூஜ்ஜியமாக இருந்தால் விண்டோஸுக்கே என்ன நடந்தது என்று எழுத நேரமில்லை. உறைந்து நின்று யாராவது பட்டனை அமுக்கி அணைத்தாலும் பூஜ்ஜியம் வரும். ஆனால் தானாகப் படக்கென்று போகிற மெஷினில் பூஜ்ஜியம் என்றால் நான் முதலில் கரண்டைத்தான் பார்ப்பேன். ஆச்சி மெஷினில் எல்லாமே பூஜ்ஜியம்.

அந்தப் பட்டியலில் இருந்த நேரங்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். காலையில் ஏழு மணியை ஒட்டி, சாயங்காலம் ஐந்தரை, மறுநாள் மறுபடி ஏழு மணியை ஒட்டி. எனக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. அடுப்படியிலிருந்து ஆச்சி குரல் வந்தது: 'அது மோட்டார் போடுற நேரமில்ல?'

கடையில் பார்த்தவர்களும் நானும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தபோது, வீட்டில் எந்த நேரத்தில் என்ன ஓடும் என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மெஷினில் அரிச்சுவடிகூடத் தெரியாது என்று அவர் தன்னைச் சொல்லிக்கொள்வார். நேரப் பட்டியலைக் கையில் கொடுத்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார். அதற்கப்புறம் யார் வீட்டுக்குப் போனாலும் நான் மெஷினைத் தொடுவதற்கு முன் ஒரு நோட்டில் எழுதச் சொல்கிறேன்: எத்தனை மணிக்கு, அப்போது வீட்டில் என்ன ஓடியது, மழையா, கரண்ட் போய் வந்ததா. ஒரு வாரம் எழுதினால் பாதிப் பிரச்சினை தானாக வெளியே வந்து நிற்கும்.

சோதித்துப் பார்த்தோம். மல்டிமீட்டரை கம்ப்யூட்டர் பாயிண்டில் வைத்துக்கொண்டு பின்கட்டில் மோட்டாரைப் போடச் சொன்னேன். 230 இருக்கவேண்டிய இடத்தில் சும்மாவே 205தான் காட்டியது. மோட்டார் கிளம்பும்போது ஒரு கணம் 170க்குக் கீழே இறங்கி ஏறியது. மோட்டார் கிளம்பும்போது ஓடும் நேரத்தைவிட ஐந்து முதல் ஏழு மடங்கு வரை கரண்ட் இழுக்கும். இந்தச் செட்டிநாட்டு வீடுகளின் நீளம் உங்களுக்குத் தெரியும். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். மெயின் போர்டு முகப்பில், அங்கிருந்து வளவு (முற்றத்தைச் சுற்றிய முதல் கட்டு), இரண்டாங்கட்டு, அடுப்படி என்று தாண்டி எப்போதோ இழுத்த மெல்லிய வயரில்தான் மோட்டாரும் ஓடுகிறது, அதே வயரில் கம்ப்யூட்டரும் தொங்குகிறது. வயர் நீளமாகவும் மெல்லியதாகவும் இருந்தால் அத்தனை கரண்ட் இழுக்கும்போது வோல்டேஜ் வழியிலேயே கரையும். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் கரண்டை வாங்கி மாற்றிக் கொடுக்கும் பகுதிக்கு எஸ்.எம்.பி.எஸ் என்று பெயர். விலை குறைந்த எஸ்.எம்.பி.எஸ் பலவும் 180 வோல்ட்டுக்குக் கீழே போனால் தாங்காது.

இன்வெர்ட்டரின் முதுகில் ஒரு சுவிட்ச்

'அதுக்குத்தான் இன்வெர்ட்டர் இருக்கே' என்றார் ஆச்சி. நியாயமான கேள்வி. இருந்தது, பேட்டரியும் நன்றாகவே இருந்தது. இன்வெர்ட்டரைச் சுவரிலிருந்து நகர்த்தி, பின்னால் தூசியைத் துடைத்தால் ஒரு சின்ன சுவிட்ச். நம் வீடுகளில் இருக்கும் இன்வெர்ட்டர்கள் பலவற்றில் இது உண்டு. ஒரு பக்கம் யு.பி.எஸ் என்று எழுதியிருக்கும். மறுபக்கம் கம்பெனியைப் பொறுத்து நார்மல் என்றோ ஈகோ என்றோ இருக்கும். நார்மலில் இருந்தால் ஏறத்தாழ 100 வோல்ட் முதல் 290 வரை எது வந்தாலும் அப்படியே வீட்டுக்குள் விடும், ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது போதும். யு.பி.எஸ் பக்கம் தள்ளினால் ஏறத்தாழ 180க்கும் 260க்கும் நடுவில் இருப்பதை மட்டும் விடும், தாண்டினால் உடனே பேட்டரிக்கு மாறும். மாறுகிற வேகத்திலும் வித்தியாசம் உண்டு. கரண்ட் நின்றபின் கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ் தன்னிடம் மிச்சமிருப்பதை வைத்துத் தாக்குப்பிடிக்கும் நேரம், டெஸ்க்டாப் பவர் சப்ளைகளுக்கான ஏ.டி.எக்ஸ் தரப்படி, சுமார் 16 மில்லி விநாடி. நார்மலில் இன்வெர்ட்டர் மாறுவதற்கு அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும், நமக்கு ஒன்றும் தெரியாது, கம்ப்யூட்டர் மட்டும் செத்துப் பிழைக்கும்.

ஆச்சி வீட்டில் சுவிட்ச் நார்மலில் இருந்தது. மாட்டியவர் அப்படியே விட்டுப் போயிருக்கிறார். தள்ளிவிட்டு, கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு மோட்டாரைப் போட்டோம். இன்வெர்ட்டர் டக்கென்று ஒரு சத்தம் போட்டது. கம்ப்யூட்டர் அசையவில்லை. ஆச்சி இன்னொரு தடவை போடச் சொன்னார், அப்புறம் கிரைண்டரையும் போட்டுப் பார்த்தார்.

இதை எல்லோரும் உடனே போய்த் தள்ளிவிடாதீர்கள். உங்கள் தெருவில் நாள் முழுக்க லோ வோல்டேஜ் என்றால் யு.பி.எஸ் பக்கத்தில் வைத்தால் இன்வெர்ட்டர் எப்போதும் பேட்டரியிலேயே நிற்கும், சார்ஜே ஏறாது. அங்கே முதலில் வயரையும் லைனையும் பார்க்க வேண்டும். பழைய சதுர அலை இன்வெர்ட்டராக இருந்தால் சில புதிய எஸ்.எம்.பி.எஸ்களுக்கு ஒத்துக்கொள்ளாது, அதற்கு சைன் வேவ் தேவை. கம்ப்யூட்டருக்கு மட்டும் 600 வி.ஏ அளவில் தனி யு.பி.எஸ் வாங்கினால் இந்தத் தலைவலி பாதி குறையும். ஆனால் அதன் பேட்டரி சில வருடங்களில் தேய்ந்துவிடும், மாற்ற மறந்துவிட்டு யு.பி.எஸ் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள்தான் ஊரில் அதிகம்.

எர்த்

சி.பி.யூ பெட்டியைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது என்று ஆச்சி போகிற போக்கில் சொன்னார். செருப்பில்லாமல் ஆத்தங்குடிக் கல்லில், அதுவும் தண்ணீர் விட்டுத் துடைத்த தரையில் நின்று தொட்டால் இன்னும் நன்றாக இழுக்கும். இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்ட சில கெபாசிட்டர்கள் இருக்கும். அவற்றிலிருந்து சொட்டுகிற கரண்ட் எர்த் வழியாகத்தான் போகவேண்டும். எர்த் இல்லாவிட்டால் பெட்டியின் தகரத்தில் லைன் வோல்டேஜில் பாதி அளவு தங்கி நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு போகிறது. ஆனால் உள்ளே ஏதாவது ஒரு நாள் நிஜமாகவே ஷார்ட் ஆனால் அதை வெளியேற்ற வழி இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

பிளக் பாயிண்டைக் கழற்றிப் பார்த்தால் மூன்று ஓட்டை இருந்தது, மூன்றாவதுக்குப் பின்னால் கம்பியே இல்லை. பழைய வீடுகளில் இது சர்வ சாதாரணம். இரண்டு பின் காலத்து வயரிங்கின் மேல் மூன்று பின் பாயிண்டை அழகுக்கு மாட்டியிருப்பார்கள். சில எலக்ட்ரீஷியன்கள் இதற்குக் குறுக்கு வழியாக எர்த்தையும் நியூட்ரலையும் பாயிண்டிலேயே முறுக்கிவிடுவார்கள். தயவுசெய்து விடாதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் பெட்டி முழுக்க 230 வோல்ட் நிற்கும், தொட்டவர் பிழைக்க மாட்டார். எர்த் என்றால் குழி வெட்டி, கம்பியோ தகடோ இறக்கி, அங்கிருந்து தனி வயர் இழுத்து வரவேண்டும், கோடையில் அந்தக் குழிக்குத் தண்ணீரும் விடவேண்டும். திடீரென்று எகிறும் வோல்டேஜைத் தடுக்கும் ஸ்பைக் பஸ்டர் வாங்கி மாட்டினாலும் எர்த் இல்லாமல் அது முழு வேலை செய்யாது.

பொது வீட்டில் குழி வெட்டுவது ஆச்சி மட்டும் முடிவெடுக்கிற காரியமில்லை என்பது வேறு கதை.

மிச்சம்

நெட் மெதுவாக இருக்கிறது என்ற புகாரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரூட்டரை, ஃபைபர் கேபிள் வந்து நின்ற முகப்பிலேயே ஆணியடித்து மாட்டியிருந்தார்கள், கம்ப்யூட்டர் இரண்டாங்கட்டில். நடுவில் முழங்கை நீளச் செங்கல்-சுண்ணாம்புச் சுவர்கள், தேக்குக் கதவுகள், போதாதற்கு ரசம் பூசிய ஆளுயர பெல்ஜியம் கண்ணாடி. ரசப்பூச்சு உலோகம் என்பதால் வைஃபை அலையையும் அது திருப்பி அடிக்கும். இப்படிப்பட்ட வீட்டில் வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை அடுத்த அறைக்குப் போனாலே அதிகம், 2.4 இன்னும் கொஞ்சம் ஊடுருவும். கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பதற்கு முன் லேப்டாப்பையோ போனையோ ரூட்டருக்குப் பக்கத்திலேயே வைத்து வேகத்தைப் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் குற்றவாளி சுவர். ஆச்சிக்கு ஒரு லான் கேபிள் இழுத்துவிட்டோம், 100 மீட்டர் வரை போகும். முற்றத்துக்குக் குறுக்கே திறந்தவெளியில் கட்டாமல் தாழ்வாரத்தை ஒட்டியே கொண்டுபோனோம். இடி நேரத்தில் திறந்தவெளிச் செம்புக் கம்பி ரூட்டரையும் கம்ப்யூட்டரையும் சேர்த்தே காலி செய்யும்.

மெஷின் வேகத்துக்குச் செலவு செய்யத் தகுந்தது ஒன்றுதான்: ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் தட்டு இல்லாத வேகமான எஸ்.எஸ்.டி போடுவது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால் எத்தனை ஃபார்மட் அடித்தாலும் பயனில்லை.

ஒரு கூத்தும் நடந்தது. திருவிழாவுக்கு வந்த கோலாலம்பூர்ப் பங்காளி, தன் பூட்டிய அறையில் இருந்த டெஸ்க்டாப்பைப் போட்டதும் எந்த வெப்சைட்டும் பாதுகாப்பில்லை என்று எச்சரிக்கை வந்ததாம். வைரஸ், ஃபார்மட் என்று பேச்சு ஆரம்பித்துவிட்டது. மூலையில் தேதியைப் பார்த்தால் பல வருடம் பின்னால் இருக்கிறது. மதர்போர்டில் பொட்டு மாதிரி இருக்கும் சி.ஆர்.2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி தவறினால் வெப்சைட்டுகளின் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் நினைத்துக்கொள்ளும். வருடத்துக்கு ஒருமுறை திறக்கிற அறைகள் நிறைந்த ஊரில் இது அடிக்கடி நடக்கும். ஐம்பது ரூபாய்க்குள் முடிகிற வேலை.

விண்டோஸ் 10க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும், ஆச்சிக்கு அதைச் செய்து கொடுத்திருக்கிறேன். அவர் மெஷின் விண்டோஸ் 11 கேட்கிற டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாத பழையது. புதிதாக வாங்குவதா, விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டு, எக்செலுக்குப் பதில் லிப்ரே ஆபீஸில் கணக்கு எழுதுவதா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு லினக்ஸ் பக்கம்தான் சாய்வு, ஆச்சிக்கு எக்செலை விட மனசில்லை.

எர்த் குழிக்குப் பங்காளிகள் எல்லோரும் சரி சொல்லிவிட்டார்கள், வெட்டியாயிற்று. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் இப்போது ஒரு வோல்ட்டுக்குக் கீழேதான் காட்டுகிறது, பெட்டியும் இழுப்பதில்லை. மோட்டாருக்குத் தனி வயர் இழுக்கிற செலவுக்குத்தான் இன்னும் ஒருவர் மெயிலுக்குப் பதில் போடவில்லை. அதுவரைக்கும் காலை ஏழு மணிக்கு இன்வெர்ட்டர் டக்கென்று ஒரு சத்தம் போடும், போடட்டும்.